நீ வரைந்த செருப்பு

உன் அழைப்பிதழ் நேற்று மாலைத் தபாலில் வந்தது. கெட்டியான வெள்ளைத் தாள், அதில் கறுப்பில் சில வரிகள். சென்னையில் நீ தொடங்கப்போகும் விளம்பர நிறுவனத்தின் திறப்பு விழாவுக்கு நான் வந்து குத்துவிளக்கு ஏற்ற வேண்டும் என்று அச்சிட்ட வரிகளுக்குக் கீழே உன் கைப்பட எழுதியிருந்தாய். உன் அம்மா அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டு என்னிடம் தந்தாள். படித்துவிட்டுத் திருப்பினேன். பின்பக்கத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, உன் நிறுவனத்தின் சின்னம் இருந்தது. ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வலது செருப்பின் வாரில் ஒரு ஊக்கு.

நான் வரவில்லை. உனக்குத் தனியாக எழுதிய கடிதங்களுக்கெல்லாம் என் உடம்பைப் பற்றியும் சென்னைத் தண்ணீரைப் பற்றியும் பதில் எழுதினாய். நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதவில்லை. அந்தச் செருப்பை நீ கையால் வரைந்த மூலப்படத்தை அதற்கு உரியவளிடம் கொடுத்துவிடு என்பதுதான் நான் கேட்டது. அதைச் சட்டம் போட்டு உன் அலுவலகத்தின் முன்னறையில் மாட்டியிருக்கிறாய் என்று, அங்கே பால் காய்ச்ச வந்துபோன உன் அம்மா சொன்னாள். ஆயுள் முழுக்கப் பத்திரிகையில் ஊராருக்குச் செய்தி எழுதியவன் நான். உனக்கும் அந்த வழியாகவே எழுதிவிடுகிறேன். இதை அச்சில் போட யாருடைய சம்மதம் வேண்டுமோ அவனிடம் கேட்டுவிட்டேன். அவன் யாரென்பது பின்னால் வரும். ஆட்களின் பெயர்களை விட்டுவிடுகிறேன், உன் பெயர் உட்பட.

நீ சென்னையில் ஓவியக் கல்லூரியில் முதலாண்டு முடித்து விடுமுறைக்கு வந்திருந்த கோடை அது. சோழவந்தான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிணற்றில் ஒரு பெண்ணின் உடல் கிடப்பதாக அலுவலகத்துக்குத் தகவல் வந்தது. பஸ் பிடித்துப் போனேன். வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே தண்ணீர் நிறைந்த கிணறு. உடலை மேலே எடுத்துக் கிடத்தியிருந்தார்கள். இருபது வயதைத் தாண்டாத பெண். கொடிக்காலில் கூலிக்கு வெற்றிலை கிள்ளுகிறவள். ‘தண்ணி எடுக்கும்போது கால் வழுக்கிருச்சு’ என்று போலீஸ்காரர் எழுதிக்கொண்டிருந்தார். கிணற்றின் மறுபக்கம் கல்லின் மேல் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருந்தது. கோயில் வாசலில் கழற்றி வைப்பதுபோல் ஒன்றோடொன்று சேர்த்து, நுனி கிணற்றைப் பார்க்க வைத்திருந்தது. வலது செருப்பின் வார் அறுந்து, அடியில் ஊக்கு மாட்டியிருந்தது. கால் வழுக்கி விழுகிறவள் செருப்பைச் சேர்த்து வைத்துவிட்டு விழமாட்டாள்.

கதையை அவள் தாய் சொன்னாள். அந்தப் பெண் திருவிழாக் கடையில் ஆசைப்பட்டு அந்தச் செருப்பை வாங்கியிருக்கிறாள். அவர்கள் குடியிருப்பிலிருந்து கொடிக்காலுக்குப் போக மேலத்தெருவைத் தாண்ட வேண்டும். அவர்கள் ஆட்கள் அந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடப்பதில்லை. கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் அவள் கழற்றவில்லை. மறந்தாளா, வேண்டுமென்றே செய்தாளா என்று தாய்க்கே தெரியவில்லை. நான்கைந்து இளவட்டங்கள் மறித்து, அந்தச் செருப்பையே அவள் தலையில் தூக்கி வைத்து, தெரு முனை வரைக்கும் நடக்கவிட்டிருக்கிறார்கள். அதற்கு மறுநாள் கிணறு. மேலத்தெருவில் யார் இருக்கிறார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் அம்மாவின் பெரியப்பா வீடு அங்கேதான் இருக்கிறது. சின்ன வயதில் சித்திரை மாதம் முழுக்க நீ அந்தத் தெருவில் செருப்போடு ஓடியாடியிருக்கிறாய்.

நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். புறப்படும்போது அந்தத் தாய் என் பின்னாலேயே பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வந்தாள். “அய்யா, அந்தச் செருப்ப மட்டும் எழுதிராதீக. கால் வழுக்கித்தான் விழுந்தான்னு இருக்கட்டும். எம் மவன் ஒருத்தன் இருக்கான். இவுக கொடிக்கால்லதான் அவன் பொழைக்கணும்” என்றாள். சரி என்றேன். மறுநாள் பத்திரிகையில் மூன்று வரி வந்தது. கால் தவறிக் கிணற்றில் விழுந்த பெண் சாவு. வேறு எதுவும் இல்லை. அதை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவன், எழுதாததையெல்லாம் உன் அம்மாவிடம் சொன்னேன். செய்தியில் விட்டதை வீட்டில் சொல்வது எனக்குப் பழக்கம். வயிற்றில் வைத்துக்கொண்டு தூங்க முடியாது. நீயும் தட்டின் முன் இருந்தாய். சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாய்.

“செருப்பு எப்படிப்பா இருந்துச்சு? பக்கத்துப் பக்கத்துலயா?”

“சேர்த்து வைத்திருந்தாள்.”

“ஊக்கு எந்தப் பக்கம்? மேல தெரியுமா, அடியிலயா?”

மேலேயும் கொஞ்சம் தெரியும் என்றேன். உன் கண் கலங்கியதுபோல் இருந்தது. பிள்ளைக்கு இளகிய மனசு என்று அன்றைக்கு உன் அம்மா சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போதும் அது பொய்யாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கண் கலங்கியிருக்கும். கலங்கிய கண் அளவும் எடுத்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஆண்டு அரைப்பரீட்சை விடுமுறையில் நீ ஒரு வேலையோடு வந்தாய். திகில் படம் ஒன்றுக்குப் போஸ்டர் வரைய வேண்டும். நட்சத்திரத்தின் முகம் கூடாது, ரத்தம் கூடாது, பேயும் கூடாது. எவ்வளவு குறைவாக வரைந்து எவ்வளவு பயமுறுத்த முடியும் என்று பார்க்க வேண்டும் என்பது ஆசிரியர் கொடுத்த பயிற்சி. அந்தக் காலத்துப் போஸ்டர்களைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரியும். ஒரே தாளில் ஐந்து தலை, ஒரு துப்பாக்கி, கவிழ்ந்த கார், மழையில் நனைந்த கதாநாயகி, அத்தனைக்கும் மேலே தீப்பிடித்த எழுத்து. நீ கூடத்தில் தரையில் தாளை விரித்துக்கொண்டு பாழடைந்த வீடு போட்டாய், கிழித்தாய். ஆலமரம் போட்டாய், கிழித்தாய். பாதி திறந்த கதவு ஒன்று கொஞ்ச நேரம் பிழைத்திருந்தது; அதையும் கிழித்தாய். போஸ்டர் கலர் கறை படிந்த கையோடு சாப்பிட வந்து, “எல்லாத்தையும் எடுத்துட்டா ஒண்ணுமே மிஞ்ச மாட்டேங்குதுப்பா” என்றாய். உன்னைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எங்கள் தொழிலிலும் அப்படித்தான், வெட்டிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் கை நிற்கும், அந்த இடத்தில் இருப்பதுதான் செய்தி என்று சொன்னேன். நீ தலையாட்டிவிட்டு ரயிலேறினாய்.

கல்லூரிக் கண்காட்சியில் உனக்கு முதல் பரிசு என்று எழுதியிருந்தாய். நானும் உன் அம்மாவும் வந்தோம். அவள் உனக்கு முறுக்குச் சுட்டு எடுத்து வந்தது நினைவிருக்கும். கூடத்தின் கோடிச் சுவரில் உன் படம் தனியாக மாட்டியிருந்தது. வெள்ளைத் தாள். நான்கு பக்கமும் கறுப்புக் கரை. கீழே இடது பக்கம் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, நுனி தாளுக்கு வெளியே பார்க்க. வலது வாரில் ஊக்கு. மீதி அத்தனையும் வெறும் வெள்ளை. படத்தின் பெயரை மேலே போர்த்தும் மெல்லிய ட்ரேசிங் தாளில் தனியாக எழுதியிருந்தாய். அதைத் தூக்கிவிட்டால் செருப்பும் கரையும் மட்டும்தான். உன் ஆசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சார், பேயும் இல்ல, பிசாசும் இல்ல, ஆனா முன்னாடி நிக்க முடியல பாருங்க. அந்த ஊக்கு! அதுதான் சார் படம். இந்த வயசுல இது யாருக்கும் தோணாது” என்றார். நான் உன்னைப் பார்த்தேன். நீ உன் அம்மாவோடு முறுக்கு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாய்.

வெளியே மரத்தடிக்கு உன்னைக் கூப்பிட்டுப்போய்க் கேட்டேன். “இது அந்தப் பெண்ணின் செருப்பு.”

“ஆமாப்பா. ஆனா யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரிகிறதே.”

“இது கிளாஸ் வேலைதாம்ப்பா. கண்காட்சி முடிஞ்சா சுருட்டிப் பரண்ல போட்டுருவேன். வெளிய எங்க போகப்போகுது?”

அந்தக் கறுப்புக் கரை எதற்கு என்றும் கேட்டேன். நீ சிரித்தாய். மதுரைச் சுவரில் கலர் போஸ்டருக்கு எவனும் நிற்க மாட்டான். வெள்ளைத் தாளில் கறுப்புக் கரை கட்டிய கண்ணீர் அஞ்சலிக்குத்தான் நிற்பான், செத்தது யாரென்று பார்க்காமல் நகரமாட்டான் என்றாய். “அந்த ஒரு நிமிஷம் போதும்ப்பா.” அது அபாரமான யோசனை. நானும் அப்படித்தான் நினைத்தேன், மறைக்கவில்லை. மதுரைக்காரன் ஒருவனுக்குத்தான் அது தோன்றும்.

அந்தக் கண்காட்சிக்கு ஒரு படத் தயாரிப்பாளரும் வந்துபோனார் என்பதையும், தன் பேய்ப்படத்துக்கு அந்தப் போஸ்டரைக் கேட்டார் என்பதையும், நீ கொடுத்தாய் என்பதையும் எனக்கு நீ எழுதவில்லை. எனக்குச் சொன்னது பஸ் ஸ்டாண்டுச் சுவர். காலையில் அலுவலகம் போக இறங்கினேன். டீக்கடையை ஒட்டிய சுவரில், மைதாப் பசையின் ஈரம்கூடக் காயாமல், வரிசையாக ஒட்டியிருந்தது. எதிரே சின்னக் கூட்டம். கையில் கிளாஸோடு இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ஏ மாப்ள, யாருடா செத்தது? போட்டாவக் காணோம்.”

“செருப்புத்தான போட்டிருக்கு. செருப்புக்கடை மொதலாளியா இருக்கும்.”

“மொதலாளி ஊக்குப் போட்ட செருப்பா போடுவாரு? கிட்டப் போயி கீழ என்ன எழுதிருக்குன்னு பாருடா.”

“அட, சினிமாடா! பேய்ப்படம்! எம்புட்டுத் தில்லு இருந்தா சாவு நோட்டீசு மாதிரி ஒட்டுவாய்ங்க!”

“சாயங்காலம் போயிருவோமா?”

“போவோம். ஒம் பொண்டாட்டியக் கூட்டியாந்துராத. பேய் பயந்துக்கிரும்.”

சிரித்தார்கள். நானும் ஒரு டீ வாங்கிக் குடித்தேன். போஸ்டர் வேலை செய்கிறது என்று தெரிந்தது. நீ கேட்ட ஒரு நிமிஷத்தை ஒவ்வொருவனும் நின்று கொடுத்துவிட்டுப் போனான்.

ஓரிரு வாரத்தில் படம் சோழவந்தான் டூரிங் கொட்டகைக்குப் போயிற்று. ஒட்டுகிறவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தானே. கறுப்புக் கரையைப் பார்த்த பழக்கத்தில், சினிமாவுக்குரிய சுவர்களை விட்டுவிட்டு, கண்ணீர் அஞ்சலி ஒட்டும் இடங்களாகப் பார்த்து ஒட்டியிருக்கிறார்கள். ஊர் முகப்பு, பஸ் நிற்கும் இடம், மேலத்தெருவுக்குத் திரும்பும் முக்குச் சுவர்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நம் பசுமலை வீட்டு வாசலில் அந்தத் தாய் வந்து நின்றாள். அலுவலகத்தில் விசாரித்து வந்திருக்கிறார்கள். பக்கத்தில் அவள் மகன், கிணற்றடியில் நான் பார்த்தபோது மீசை அரும்பாதவன், இப்போது வளர்ந்திருந்தான். அவள் கையில் ஈரத்துணி சுற்றிய கொழுந்து வெற்றிலைக் கட்டு. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். அவள் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டாள்.

“நல்லா இருப்பீகய்யா. எங்க சனத்துல செத்தா கொட்டடிச்சுத் தூக்கிட்டுப் போவோம், அம்புட்டுத்தான். செவுத்துல ஒட்டுறதெல்லாம் மேலத்தெருக்காரகளுக்குத்தான். எம் மவளுக்கு டேசன்லருந்து சந்த வரைக்கும் ஒட்டிருக்கீக.”

அவள் நான் அடக்கத்தால் பேசாமல் இருப்பதாக எடுத்துக்கொண்டாள்.

“அன்னிக்கு எழுதிராதீகன்னு நாந்தான் பயத்துல சொன்னேன். நீங்க மனசுலயே வச்சிருந்து செஞ்சிட்டீக. மொகத்தக் காணாமேன்னு மொதல்ல நெனச்சேன். பொறவு புரிஞ்சிச்சு, மொகத்துக்கு எங்க போவீக? அவள ஒரு போட்டாகூடப் புடிக்கலையே. அந்தச் செருப்பு ஒண்ணுதான் அவ கேட்டு வாங்குனது. அதப் போட்டுட்டீக.” பிறகு கொஞ்சம் தயங்கி, “வீட்ல வச்சுக் கும்புட ஒண்ணு கெடைக்குமாய்யா? செவுத்துல இருக்கிறதப் பிச்சுப் பாத்தேன். கிழிஞ்சு கிழிஞ்சு வருது” என்றாள்.

நான் அவள் மகனைப் பார்த்தேன். அவன் வெற்றிலைக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். உன் அம்மா காபி கொண்டு வந்தாள். அந்தத் தாயை உள்ளே உட்காரவைத்துக் கையில் டம்ளரைக் கொடுத்தாள். நான் அவனோடு கேட்டுக்கு வெளியே வந்தேன்.

“சார், அது என்ன படம்னு எனக்குத் தெரியும்” என்றான். “கீழ உள்ளத எழுத்துக்கூட்டிப் படிச்சேன். ஆத்தாகிட்டச் சொல்லல. அதுவா கண்ணீர் அஞ்சலின்னு நெனச்சுக்கிருச்சு. நீங்களும் சொல்லிராதீக.”

“சொல்ல மாட்டேன்.”

“வரைஞ்சது யாரு சார்?”

“என் மகன்.”

“அப்ப ஊக்கு நீங்க சொன்னது” என்றான். ஆமாம் என்றேன். “எங்கக்கா உசுரோட இருந்தப்ப அந்தச் செருப்பக் கையில தூக்கிட்டுத்தான் சார் மேலத்தெருவத் தாண்டணும். முக்குச் செவுத்துல அது நின்னதப் பாத்தப்ப எனக்கும் ஒரு பக்கம் சந்தோசமாத்தான் இருந்துச்சு. ஆனா பேயாக்கிட்டாகளே சார். கொட்டகையில பேய் வாரப்பவெல்லாம் மேலத்தெருப் பயலுக எங்கக்கா பேரச் சொல்லி விசிலடிக்கிறாய்ங்க.”

அந்த வாரமே கொடிக்காலுக்குச் சொந்தக்காரர் அவனை நிறுத்தி, சினிமாக்காரனுக்குச் செருப்புக் கதையைச் சொல்லிக் கொடுத்தது யாருடா என்று கேட்டிருக்கிறார். மறுநாளிலிருந்து அவனை வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. சுற்றுவட்டத்தில் ஒரு கொடிக்காலிலும் கூப்பிடவில்லை. எதற்காக அவள் என்னைச் செருப்பை எழுதாதே என்று கெஞ்சினாளோ அது நடந்துவிட்டது. தாயும் மகனும் மதுரையை ஒட்டிய ஆனையூருக்கு வந்து, தகரம் வேய்ந்த ஒற்றை அறையில் குடியிருக்கிறார்கள். அவன் கட்டட வேலையில் கொத்தனாருக்குக் கையாள். மகன் டவுனில் வேலை பிடித்திருப்பதால்தான் ஊரைவிட்டு வந்தோம் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பொங்கலுக்கு நீ வந்தபோது இதையெல்லாம் உன்னிடம் சொன்னேன். நீ அசையாமல் கேட்டுவிட்டுச் சொன்னதை நான் மறக்கவில்லை. “நீங்க எழுதாம விட்டதத்தாம்ப்பா நான் வரைஞ்சேன். போலீசு கால் வழுக்கிருச்சுன்னு எழுதுச்சு. நீங்களும் அதத்தான் எழுதுனீக. அந்தப் பொண்ணு வழுக்கி விழலைங்கறது ஊர்ச் செவுத்துல வந்தது என் போஸ்டர்ல மட்டுந்தான்.” உன் அம்மா, “அப்பாவப் பாத்துப் பேசுற பேச்சாடா இது” என்று அழுதாள். அவளை நான் தடுத்தேன். நீ சொன்னதில் பாதி நியாயம். என் மூன்று வரியை நான் நியாயப்படுத்த மாட்டேன். பத்திரிகைக்காரன் பொய் எழுதக் கூடாது, யார் கேட்டாலும்.

மிச்சப் பாதியைச் சொல்கிறேன், கேள். நீ உண்மையை வரைந்தாய், அதன் கீழே ஒரு பேய்ப்படத்தின் பெயரை எழுத விட்டாய். அந்தத் தெருவில் பயந்தவள் அவள். பயமுறுத்தியவர்கள் மேலத்தெரு இளவட்டங்கள். உன் போஸ்டர் அதைத் திருப்பிப் போட்டுவிட்டது. அவளைப் பார்த்து ஊர் பயந்தது. பயமுறுத்தியவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து விசிலடித்தார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தேவையானதை மட்டும் வைப்பது உன் கலை என்கிறாய். நீ எடுத்ததில் தெரு போயிற்று, தெருவில் நின்றவர்கள் போனார்கள், நம் வீட்டு உறவுக்காரர்கள் போனார்கள், கொடிக்கால் போயிற்று, தாய் போனாள், தம்பி போனான். ஒரு ஊக்கை மட்டும் வைத்துக்கொண்டாய், அது அழகாக இருந்ததால். அந்த அழகை நான் மறுக்கவில்லை. உன் மேல் எனக்குள்ள கசப்பில் பெரும்பங்கு அதுதான். நீ மோசமாக வரைந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்தத் தாய்க்குப் படம் கொடுக்க நான் முதலில் ஒரு தவறான வழி பார்த்தேன். கொட்டகையில் ஒட்டாத போஸ்டர் ஒன்றை வாங்கி, கீழே சினிமாப் பெயர் உள்ள பகுதியைக் கத்தரித்துவிட்டு ஆனையூருக்குக் கொண்டுபோனேன். அவள் மகன் வாசலிலேயே வாங்கிப் பார்த்தான். “பேய்ப்படத்துல வெட்டுன துண்டச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டச் சொல்றீகளா சார்? ஆத்தாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். எழுத்தே இல்லாமல் கையால் வரைந்த மூலப்படம் ஒன்று இருக்கிறது என்றேன். யோசித்தான். “அது வேணா சரி. ஆனா வரைஞ்சவரு கொண்டாந்து ஆத்தா கையில குடுக்கட்டும்” என்றான். அப்போதுதான் உனக்கு முதல் கடிதம் எழுதினேன்.

நீ நேரில் வந்தபோது சொன்ன காரணம் எனக்கு நினைவிருக்கிறது. “என்கிட்ட இருக்கிற ஒரே நல்ல வேலை அதாம்ப்பா. யாரு வந்தாலும் அதப் பாத்துத்தான் எனக்கு வேலை தாராக. வேற ஒண்ணு வரைஞ்சு தாரேன்.” தருகிறேன் என்றாயே தவிரத் தரவில்லை. வரைந்து பார்த்தேன், வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். நம்புகிறேன். இரண்டாவது தடவை கை பொய்யாகத்தான் வரையும். அதனால் அந்த ஒன்றையே சட்டம் போட்டு மாட்டினாய். இப்போது அதைச் சின்னமாக்கி அழைப்பிதழின் முதுகில் அச்சடித்து, குத்துவிளக்கு ஏற்ற என்னையும் கூப்பிடுகிறாய். உன் வாசலுக்கு வருகிற ஒவ்வொருவனும் முதலில் பார்க்கப்போவது அந்தச் செருப்பை. யாருடையது என்று எவனும் கேட்கப்போவதில்லை.

நான் இப்போது அவசரப்படுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தத் தாய்க்குக் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. புரையாக இருந்தால் அறுத்துச் சரிசெய்துவிடலாம், இந்த ஊரில் அதற்குக் குறைவில்லை. இது நரம்பு வாடுவது. போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கவாட்டில் வருகிற ஆள் இப்போதே அவளுக்குத் தெரிவதில்லை. நேரே, கிட்டத்தில் உள்ளது மட்டும் தெரிகிறது. போன வாரம் போனபோது, “அந்தப் படம் வந்திருச்சாய்யா?” என்று கேட்டாள். எப்போதும் கேட்கிற கேள்விதான். இந்த முறை, “வெரசா வந்தா நல்லாருக்கும். கண்ணுல இருக்கும்போதே பாத்துக்கிருவேன்” என்று சேர்த்துச் சொன்னாள்.

வெளியே வந்ததும், இதையெல்லாம் பத்திரிகையில் எழுதப்போகிறேன், எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். முன்பு எழுதாமல் விட்டு யாரைக் காப்பாற்ற நினைத்தோமோ அவனுக்கு அந்த ஊரில் காப்பாற்ற இனி ஒன்றும் மிச்சமில்லை. “போடுங்க சார்” என்றான். “ஆத்தாவுக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுறவன் நான் ஒருத்தந்தான். இத நான் படிக்க மாட்டேன்.”

ஆகவே நீ திறப்பு விழாவை வைத்துக்கொள். விளக்கை உன் ஆசிரியர் ஏற்றட்டும், அவருக்குத் தகுதி உண்டு. சின்னத்தை மாற்றுவதும் மாற்றாததும் உன் விருப்பம். அந்தப் படத்தை மட்டும் சுவரிலிருந்து இறக்கி எடுத்துக்கொண்டு ரயிலேறு. பசுமலைக்கு வர வேண்டாம், நேரே ஆனையூருக்குப் போ. பஸ்ஸிலிருந்து இறங்கி, சோழவந்தான் பக்கமிருந்து வந்து கட்டட வேலை செய்கிற தம்பியின் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். பகலில் போ. வெளிச்சம் அவளுக்கு வேண்டும். படத்தை அவள் கையில் கொடு. முகத்துக்கு நேரே, கிட்டத்தில் பிடி.

அவள் உன்னைக் கும்பிடுவாள். நீ தடுப்பதற்குள் காலில் விழவும் செய்வாள். தன் மகளுக்கு ஊரெல்லாம் மரியாதை செய்த பிள்ளை நீ என்றுதான் அவள் நினைப்பாள். அந்த வயதுக்காரி வாழ்த்தக்கூடிய வாழ்த்தையெல்லாம் உன்னை வாழ்த்துவாள். அப்போது உனக்கு உண்மையைச் சொல்லிவிடத் தோன்றும். சொன்னால் உன் மனம் இலேசாகும். சொல்லாதே. அவள் தருகிற ஒவ்வொரு வார்த்தையையும் நின்று வாங்கிக்கொள். அவளுக்குப் பின்னால் அவள் மகன் நிற்பான். உன்னை ஒன்றும் கேட்க மாட்டான், வா என்றும் சொல்ல மாட்டான். அவள் வாழ்த்தி முடிக்கும் வரைக்கும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். நீ தலையைக் குனியாமல் அவனைப் பார்.